அல்ட்ராசோனிக் பீலிங்கா, ஆசிட் பீலா, ஹைட்ரா ஃபேஷியலா: எந்த முகத்துக்கு எது?

"பீலிங் செய்துகொள்ளலாமா?" என்று கேட்பவர்களைவிட, "எந்தப் பீலிங்?" என்று கேட்பவர்கள்தான் இப்போது அதிகம். பார்லர் பட்டியலில் ஐந்தாறு பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இறந்த செல்களை நீக்கும், முகம் பளிச்சிடும்' என்ற அதே வாக்கியம். விலை மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. அதைப் பார்த்து எப்படி முடிவெடுப்பது?

நான் அழகுக்கலைத் தொழிலில் இருப்பவள். அதிர்ந்து முகத்தைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தகடு கிட்டத்தட்ட தினமும் என் கையில் இருக்கும் கருவி. எனக்கு ரொம்பப் பிடித்த கருவியும்கூட. அதனாலேயே, அதனால் ஆகாததை ஆகும் என்று சொல்லி விற்பதைப் பார்த்தால் மனது பொறுப்பதில்லை. ஆறு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று வருத்தப்படுபவர்கள் பலர். அவர்களுக்குச் செய்தவர் பெரும்பாலும் சரியாகத்தான் செய்திருப்பார். முகத்தில் இருந்த பிரச்சினைதான் அந்த முறைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்கும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் ஆழம். சருமத்தின் வெளி ஓரத்தில் இருப்பது இறந்த, தட்டையான செல்களின் அடுக்கு. முகத்தில் அதன் தடிமன் தலைமுடி ஒன்றின் தடிமனில் கால் பங்குகூட இருக்காது. முகம் மங்கலாகத் தெரிவது, தொட்டால் சொரசொரப்பாக இருப்பது, மேக்கப் திட்டுத் திட்டாக நிற்பது எல்லாம் இந்த அடுக்கின் விவகாரம். பிளாக்ஹெட் அதற்கும் கொஞ்சம் கீழே, முடித்துளையின் வாயில் இருக்கிறது. மூடிய ஒயிட்ஹெட் துளைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. பரு ஆறிய பழுப்புத் தடமும், 'மங்கு' எனப்படும் கருந்திட்டுகளும் இன்னும் கீழே, நிறமி உருவாகும் இடத்தைச் சேர்ந்தவை. குழித் தழும்பு அதற்கும் அடியில். உங்கள் குறை எந்த மாடியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் சருமம் காயத்துக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது. 1975ல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற சரும மருத்துவர், வெயிலில் சிவக்கிறதா கறுக்கிறதா என்பதை வைத்துச் சருமத்தை வகை பிரித்தார். பின்னால் அது ஆறு வகையாக விரிந்தது. நான்காம் வகையிலிருந்து மேலே, அதாவது மாநிறமும் அதைவிட அடர்ந்த நிறமும் உள்ள சருமத்தில், சின்ன எரிச்சல்கூடக் கருமையாக மாறித் தங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. கொசு கடித்துச் சொறிந்த இடம் எத்தனை நாள் கறுப்பாக நிற்கிறது என்று பாருங்கள். ஒரு வாரத்தில் மறைந்தால் உங்களுக்குத் தேர்வுகள் அதிகம். இரண்டு மாதம் நின்றால் மென்மையான முறையில்தான் தொடங்க வேண்டும்.

அப்புறம் மூன்று சின்ன அளவுகோல்கள் உண்டு. செய்த பிறகு எத்தனை நாள் முகத்தைப் பொத்திப் பாதுகாக்க வேண்டியிருக்கும்? ஒரு தடவைக் கட்டணத்துக்கு அப்பால் மொத்தச் செலவு எவ்வளவு? செய்பவரின் கைத்திறன் எந்த அளவுக்கு முக்கியம்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் கெடுதல் வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

## அல்ட்ராசோனிக் பீலிங்

'அல்ட்ராசோனிக்' என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான கருவிகள் இருக்கின்றன. முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நான் சொல்வது நுனி லேசாக வளைந்த, மெல்லிய உலோகத் தகடு. நொடிக்கு ஏறக்குறைய 25,000 முதல் 30,000 தடவை அதிர்வது. உருண்டைத் தலையோடு, 1 முதல் 3 மெகாஹெர்ட்ஸில் ஜெல் தடவித் தேய்ப்பது வேறு. சருமத்தின் அடியாழத்தைச் சூடாக்கி இறுக்கும் ஹைஃபூ அதைவிட முற்றிலும் வேறு. பட்டியலில் 'அல்ட்ராசோனிக்' என்று மட்டும் இருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

இந்தத் தகடு வேலை செய்வது ஈரத்தில்தான். நனைந்த சருமத்தின் மேல் 30 முதல் 45 டிகிரி சாய்வில் அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அந்தத் தண்ணீர்ப் படலத்தில் நுண்ணிய குமிழ்கள் உருவாகி உடைகின்றன. தண்ணீர் மெல்லிய புகை மாதிரி மேலே எழும்புகிறது. ஏற்கெனவே பிடி தளர்ந்திருக்கும் செல்களும் துளை வாயில் மிதக்கும் எண்ணெயும் அதோடு கிளம்பி வருகின்றன. இறுகப் பற்றியிருக்கும் எதையும் இந்தத் தகடு பிடுங்குவதில்லை. 'பீலிங்' என்ற சொல்லைக் கேட்டுத் தோல் உரியும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இது மிக நன்றாகச் செய்யப்படும் ஒரு சுத்தம். அவ்வளவுதான். அந்தச் சுத்தத்தின் அருமை சிவந்து எரியும் முகத்தோடு வருபவர்களுக்குத் தெரியும்.

உட்கார்ந்திருப்பவருக்கு வலி இருக்காது. மூக்கோரத்தில் போகும்போது காதுக்குள் மெல்லிய விசில் கேட்கும். மேலுதட்டுக்கு மேலே வந்தால் பல்லில், குறிப்பாக அடைத்த பல்லில், கூச்சம் தெரியும். தகட்டின் நுனியில் பால் போன்ற திரவம் திரண்டு நிற்கும். அதைக் காட்டி "எவ்வளவு அழுக்கு பாருங்கள்" என்பது பார்லர்களில் வழக்கம். அதில் எண்ணெயும் செல்களும் இருப்பது நிஜம்தான். ஆனால் ஒரு பங்கு, நாங்களே தடவிய லோஷன் அதிர்வில் நுரைத்தது. அதன் அளவைப் பார்த்து உங்கள் முகம் அழுக்கு என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

தகடு முகத்தில் ஓடும் நேரம் 10 முதல் 20 நிமிடம். அதற்கு முன்னால் மென்மையாக்கும் ஜெல்லோ லோஷனோ போட்டுச் சற்று நேரம் ஊற வைப்போம். சில இடங்களில் எண்ணெயைக் கரைக்கக் காரத்தன்மையுள்ள லோஷன் போடுவார்கள். சருமத்தின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 5க்குப் பக்கத்தில் (பி.எச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). காரம் அதைக் குலைத்து முகத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஆக்கிவிடும். வறண்ட சருமக்காரர்கள் அந்த லோஷன் வேண்டாம் என்று சொல்லலாம். தப்பில்லை.

இதன் ஆபத்து ஒன்றை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். பயிற்சியில் இருந்த காலம். ஒரு பெண்ணின் இடது கன்னத்தை முடித்துத் தாடையோரம் இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஈரம் காய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. "சுருக்கென்றது" என்றார். எடுத்துப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. இரண்டு மூன்று நாளில் அது பழுப்பானது. முழுதாக மறைய இரண்டு மாதம் பிடித்தது. காய்ந்த இடத்தில் தகடு ஓடினாலோ, ஒரே இடத்தில் நின்றாலோ, அழுத்தினாலோ அது தேய்த்துச் சுட்டுவிடும். அன்றிலிருந்து இடது கையில் நனைத்த பஞ்சு இல்லாமல் வலது கையில் தகட்டை எடுப்பதில்லை. நீங்கள் உட்காரும்போதும் செய்பவரின் இரண்டாவது கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நனைத்துக்கொண்டே வருகிறதென்றால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், பலன் தங்கும் காலம் குறைவு என்பதுதான் முக்கியமானது. இளம் வயதில் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் புள்ளிகளில் பெரும்பாலானவை பிளாக்ஹெட்டே கிடையாது. துளைக்குள் இயல்பாக இருக்கும் எண்ணெய் இழைகள் அவை. வெளியே எடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் திரும்ப நிரம்பிவிடும். ஆகவே இது மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை தொடர வேண்டிய பராமரிப்பு. 'பத்து சிட்டிங் பேக்கேஜ், ஒரேயடியாகச் சரியாகிவிடும்' என்றால் அந்தப் பேக்கேஜ் வேண்டாம்.

இன்னொரு செலவு, முடிந்ததும் தகட்டின் தட்டையான பக்கத்தை வைத்து 'சீரம் இறக்குவது'. அப்போதுதான் சுத்தமான சருமம் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். நல்லதை வாங்கிக்கொள்வது போலவே வாசனைத் திரவியத்தையும் வாங்கிக்கொள்ளும். ஹயலூரானிக் அமிலம், பேந்தனால் போன்ற சாதுவான சீரமாக இருந்தால் சரி. ஆசிட் சீரமோ, வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் சீரமோ அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்ப் பசை, மங்கல், மேலோட்டமான பிளாக்ஹெட், எதைப் போட்டாலும் சிவக்கும் முகம், எளிதில் கறுக்கும் சருமம், அடுத்த நாள் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலை: இவற்றுக்கெல்லாம் என் முதல் தேர்வு இதுதான்.

## ஆசிட் பீல்

கெமிக்கல் பீல் என்றும் சொல்வார்கள். செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பிடிப்பை அமிலம் தளர்த்துகிறது. 1974ல் யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ இருவரும், தடித்துச் செதிலாகும் சரும நோய்களில் ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்கள் என்ன செய்கின்றன என்று எழுதினார்கள். கிளைகாலிக், லாக்டிக், மேண்டலிக் என்று இன்று பார்லரில் கேட்கும் பெயர்களெல்லாம் அந்தக் குடும்பம். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கும். எண்ணெய் வழிந்து பரு வரும் முகத்துக்கு அது பொருத்தம்.

பரு, பருத் தடம், மங்கு ஆகியவற்றில் மேலோட்டமான ஆசிட் பீலின் பலனைப் பல ஆண்டுகளாக மருத்துவ ஆய்வுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அல்ட்ராசோனிக் தகட்டுக்குப் பின்னால் அந்த அளவு ஆதாரம் கிடையாது. ஆகவே பழுப்புத் தடமோ மூடிய ஒயிட்ஹெட்டோ உங்கள் கவலை என்றால், தகடு எட்டாத இடத்துக்கு அமிலம் எட்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எட்டும் சக்தி எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் கெடுக்கும் சக்தியும் இருக்கிறது. சதவீதம் மட்டும் கேட்டால் போதாது, பி.எச். அளவையும் கேளுங்கள். 30% கிளைகாலிக் பி.எச். 3ல் ஒரு மாதிரி, பி.எச். 1ல் முற்றிலும் வேறு மாதிரி. அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களை ஆராயும் நிபுணர் குழு, கிளைகாலிக், லாக்டிக் அமிலங்களுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 10% வரை, பி.எச். 3.5க்குக் குறையாமல். பயிற்சி பெற்றவர் சிறிது நேரம் போட்டுக் கழுவுவதற்கு 30% வரை, பி.எச். 3க்குக் குறையாமல். அதற்கு மேலே என்றால் அது சரும மருத்துவரின் அறை. 2024 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கடுமையான கெமிக்கல் பீல்களை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இதன் மறைமுகச் செலவு பட்டியலில் வராது, நாள்காட்டியில் வரும். இரண்டு வாரம் முன்பிருந்தே சன்ஸ்கிரீனோடு சருமத்தைத் தயார் செய்ய வேண்டும். ரெட்டினாய்டு கிரீம் போடுபவர்கள் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். செய்த பிறகு மூன்று முதல் ஏழு நாள் வரை செதில் உதிரும், சிலருக்கு ஒன்றும் உதிராது. உதிர்வதைப் பிய்த்தால் அந்த இடம் கறுக்கும். வெயில் இன்னொரு பகைவன். 10% கிளைகாலிக்கை நான்கு வாரம் தொடர்ந்து போட்டவர்களின் சருமம் புற ஊதாக் கதிருக்கு 18% கூடுதலாக எதிர்வினை காட்டியது என்றும், நிறுத்திய ஒரு வாரத்தில் அது பழைய நிலைக்கு வந்தது என்றும் அந்த நிர்வாகம் ஏற்பாடு செய்த ஆய்வில் தெரிந்தது. பார்லரில் போடும் பீல் அதைவிட வலுவானது. நாள் முழுக்க வெளியே அலைகிற வேலை, சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவ முடியாத சூழல் என்றால், எவ்வளவு ஆசை இருந்தாலும் தள்ளிப் போடுங்கள். நான்கு முதல் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளி என்று கணக்கிட்டால் இரண்டு முதல் ஐந்து மாதம் வரை இந்தக் கட்டுப்பாடு தொடரும்.

ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சாலிசிலிக் பீல் ஆகாது. கர்ப்ப காலத்திலும் வேண்டாம். உதட்டோரம் அடிக்கடி அக்கி போன்ற கொப்புளம் வருபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் எந்தப் பீலும் செய்ய வேண்டும். அது முகம் முழுக்கப் பரவிவிடலாம்.

## ஹைட்ரா ஃபேஷியல்

திரவத்தைச் சுழற்றி உறிஞ்சும் நுனி ஒன்று. அதன் வழியே திரவம் சருமத்தில் பாயும், உடனே உறிஞ்சப்பட்டுக் குடுவைக்குள் போகும். பெரும்பாலும் அந்தத் திரவத்திலேயே லேசான சாலிசிலிக்கோ கிளைகாலிக்கோ இருக்கும். அதனால் 'வெறும் தண்ணீர்தான்' என்ற விளக்கத்தை நம்பாமல் என்ன அமிலம், எவ்வளவு என்று கேளுங்கள்.

அல்ட்ராசோனிக் தகட்டோடு ஒப்பிட்டால், துளை வாயைச் சுத்தம் செய்வதில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம். உறிஞ்சுவதால் வருவது அது. அந்த உறிஞ்சல்தான் சில முகங்களுக்கு ஆகாததும். கன்னத்தில் நுண் இரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிபவர்கள், முகம் அடிக்கடி சிவந்துபோகும் ரோசேசியா நோய் உள்ளவர்கள், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குப் புள்ளிப் புள்ளியாக இரத்தம் கட்டலாம். செலவு கூடுவது நுனியாலும் சீரத்தாலும்தான். நுனி ஒவ்வொருவருக்கும் புதிதாக மாற்றப்பட வேண்டும். உங்கள் கண் முன்னால் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லலாம். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் உட்கார வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு என் பதில் இது. மூக்கும் தாடையும் தடித்த சருமமாக இருந்து, அடைப்பு நிறைய இருந்தால் ஹைட்ரா. மெல்லிய, சிவக்கும் சருமம் என்றால் தகடு. இரண்டின் பலனும் தங்கும் காலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசத்தை நல்ல சன்ஸ்கிரீனுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

## மைக்ரோ டெர்மாப்ரேஷன்

1985ல் இத்தாலியில் உருவான முறை. முதலில் அலுமினியம் ஆக்ஸைடு துகள்களைப் பீய்ச்சி உறிஞ்சினார்கள். இப்போது பெரும்பாலும் வைரத்துகள் பதித்த நுனி. இது உண்மையிலேயே தேய்ப்பது. தடித்து, சொரசொரப்பாக, வெயிலில் முரடான சருமத்துக்குத் தொட்டதும் தெரியும் மாற்றம் வரும். எளிதில் கறுக்கும் சருமத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே இடத்தில் ஒரு தடவை கூடுதலாக ஓட்டினாலும் கோடு விழும். பரு கனன்றுகொண்டிருக்கும் முகத்தில் செய்யவே கூடாது.

## ஆவி பிடித்து, கையால் எடுப்பது

பழைய முறை என்று இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆழமாக அமர்ந்த, வாய் திறந்த பிளாக்ஹெட்டை எடுக்க இன்றும் இதுதான் நேர்வழி. தகடு பத்து தடவை போனாலும் வராத ஒன்று, பழகிய கையின் இரண்டு மெல்லிய அழுத்தத்தில் வந்துவிடும். நானே பல நேரம் இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறேன். முதலில் தகடு, பிறகு மிச்சம் இருக்கும் நான்கைந்தைக் கையால்.

ஆவி துளையைத் 'திறக்கும்' என்பது தவறு. துளைக்குத் திறந்து மூடத் தசை கிடையாது. உறைந்த எண்ணெய் சூட்டில் இளகுகிறது, அவ்வளவே. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவி பிடித்தால் சிவப்புதான் மிச்சம்.

ஆபத்து இரண்டு. வராததை அழுத்தி எடுத்தால் துளையின் சுவர் உள்ளுக்குள் கிழியும். சாதாரண அடைப்பு பெரிய பருவாக வீங்கி, தழும்பாக முடியும். அதிலும் மூக்குப் பாலத்திலிருந்து வாயோரம் வரையுள்ள முக்கோணப் பகுதியில் சீழ்ப் பருவை அமுக்கவே கூடாது. அங்குள்ள சிரைகளுக்கு மண்டையோட்டின் உட்பகுதியோடு தொடர்பு உண்டு. இரண்டாவது ஆபத்து கருவி. இரத்தம் படக்கூடிய ஊசியும் எக்ஸ்ட்ராக்டரும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் நீராவி அழுத்தத்தில் சுத்தமாகி வர வேண்டும். டெட்டாலில் முக்கி எடுப்பது போதாது. ஹெபடைட்டிஸ் பி மாதிரியான கிருமிகள் அப்படிப் பரவக்கூடியவை. அல்ட்ராசோனிக் தகடு பெரும்பாலும் கைப்பிடியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது என்பதால் ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. சோப்பால் துடைத்து, கிருமிநாசினி போட்டு, காய விட வேண்டும். புண் உள்ள முகத்தில் அதை ஓட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## பார்லருக்கே போகாமல்

0.5 முதல் 2% சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் அல்லது லோஷன் வாரம் இரண்டு மூன்று நாள், தினமும் சன்ஸ்கிரீன், இரவில் மாய்ஸ்சரைசர். இதை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தால், எண்ணெய்ச் சருமக்காரர்களில் பலருக்குப் பார்லர் தேவையே குறைந்துவிடும். என் தொழிலுக்கு எதிராக நான் பேசவில்லை. இப்படிப் பராமரித்துவிட்டு வருபவர்களின் முகத்தில்தான் என் வேலையும் நன்றாக நிற்கிறது.

ஒரு பெண்ணை மறக்க முடியாது. நெற்றி முழுக்கச் சின்னச் சின்னக் குருக்கள், நிறம் மாறாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரிபவை. வேறோர் இடத்தில் ஆறு தடவை அல்ட்ராசோனிக் செய்துகொண்டு, சேமிப்பைக் கரைத்துவிட்டு வந்திருந்தார். விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் மூடிய ஒயிட்ஹெட். தகட்டால் அதைத் தொடவே முடியாது. தலைக்கு என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டேன். நெற்றி வரை வழியும் ஒரு ஹேர் கிரீம். அதை நிறுத்தச் சொல்லிச் சரும மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் துளை அடைப்பைப் போக்கும் அடாபலீன் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வந்து நெற்றியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்த ஆறு தடவைக் காசும் அவருக்கு மிச்சமாகியிருக்க வேண்டியது.

வீட்டுக்கான சிறிய அல்ட்ராசோனிக் தகடுகளும் விற்கின்றன. சக்தி பொதுவாகக் குறைவு, அபாயமும் கொஞ்சம் குறைவு. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு கையால் நனைத்து மறு கையால் சரியான சாய்வில் ஓட்டுவது லேசான வேலை கிடையாது. வாங்கினால் வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| முறை | எட்டும் இடம் | கறுக்கும் ஆபத்து | பிறகு கவனிக்க வேண்டிய நாள்கள் | பட்டியலில் வராத செலவு |
|---|---|---|---|---|
| அல்ட்ராசோனிக் | தளர்ந்த செல், மேல் எண்ணெய் | மிகக் குறைவு, ஈரம் இருக்கும்வரை | 1 | மாதாமாதம் தொடர வேண்டும் |
| ஆசிட் பீல் | மேல்தோலுக்குள், துளைக்குள் | நடுத்தரம் முதல் அதிகம் | 7 முதல் 14 | தயாரிப்பு, சன்ஸ்கிரீன், வெயில் தவிர்ப்பு |
| ஹைட்ரா ஃபேஷியல் | மேல் அடுக்கு, துளை வாய் | குறைவு | 1 முதல் 2 | நுனி, சீரம் கூடுதல்கள் |
| மைக்ரோ டெர்மாப்ரேஷன் | மேல் அடுக்கு முழுதும் | நடுத்தரம் | 3 முதல் 5 | மேல் அடுக்கு மெலிந்து வறளுதல் |
| கையால் எடுப்பது | துளைக்குள், திறந்த அடைப்பு | கையைப் பொறுத்தது | 2 முதல் 3 | தவறினால் தழும்பு |
| வீட்டுப் பராமரிப்பு | மெதுவாக, துளைக்குள் | குறைவு | இல்லை | இரண்டு மாதப் பொறுமை |

## எந்த நேரத்தில் எது

முக்கியமான நிகழ்ச்சி நெருங்குகிறது என்றால் நாளை வைத்து முடிவெடுங்கள். இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அல்ட்ராசோனிக் மட்டும்தான், அதுவும் முன்பு ஒரு தடவையாவது செய்து பழகியிருந்தால். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் ஹைட்ராவோ கையால் எடுப்பதோ. ஆசிட் பீலின் கடைசித் தடவைக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். முதல் தடவை முயற்சி எதையும் அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பரு சீழ் கட்டிக் கனன்றுகொண்டிருந்தால் இந்தப் பட்டியலில் எதுவும் வேண்டாம். முதலில் மருத்துவர். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. எதைச் செய்யலாம், எப்போது என்று மாத்திரை எழுதியவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். மங்கு உள்ளவர்களுக்குச் சூடும் உரசலும் பகை. அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் பீலும், நடுவில் முகம் களைத்துத் தெரியும் நாள்களில் அல்ட்ராசோனிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் இரண்டு வாரமாவது இருக்கட்டும். குழித் தழும்புக்கு மேலே சொன்ன எதிலும் பெரிய பலன் கிடையாது. அதற்கான லேசர், நுண் ஊசிகளால் குத்தும் மைக்ரோ நீட்லிங் போன்றவை மருத்துவமனைச் சமாச்சாரம்.

அல்ட்ராசோனிக் மென்மையானது என்பதற்காக எல்லோரும் உட்காரலாம் என்று நினைத்துவிட வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், முகத்தில் உலோகத் தகடோ திருகோ பொருத்தியவர்கள், முகவாதமோ முக நரம்பு வலியோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். முகத்தில் புண், அக்கி, எக்ஸிமா இருக்கும்போதும், அண்மையில் பீலோ லேசரோ செய்திருந்தாலும் அப்படித்தான். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இமையின் மேலும், தொண்டையில் தைராய்டு இருக்கும் பகுதியிலும் தகடு போகக் கூடாது. இந்தக் கேள்விகளை உட்காருவதற்கு முன்பு நாங்கள்தான் உங்களிடம் கேட்க வேண்டும். யாரும் கேட்காமல் நேராகப் படுக்கச் சொன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், தகட்டை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்றும் அந்தப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.